சேட்டையின் சரித்திரம்

சேட்டை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பிறப்பு. ஒன்று வடமொழி ‘சேஷ்டா’. அசைவு, செய்கை என்பதற்கு மேல் அதில் குற்றம் எதுவும் கிடையாது. இன்னொன்று ‘ஜ்யேஷ்டா’, மூத்தவள், மூதேவி. திருப்பரங்குன்றத்தில் 8ஆம் நூற்றாண்டில் அவளுக்குக் குடைவரையில் இடம் கொடுத்தார்கள். பிறகு அவள் வீட்டுக்கும் கோயிலுக்கும் வெளியே நிற்க வேண்டியவளாகிப் போனாள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. ஓரிடத்தில் உட்காராத பையனை ‘சேட்டைக்காரன்’ என்று வாத்தியார் சொல்லும்போது அவர் வாயில் இருப்பது முதல் அர்த்தம், தொனியில் இருப்பது இரண்டாவது. வெறும் அசைவு எந்த இடத்தில் மூதேவியாகிறது என்பது மனோதத்துவக்காரர்கள் எழுத வேண்டிய விஷயம் என்று நண்பர் ஒருவர் அபிப்பிராயப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் சர்க்கார்தான். ஆகவே அது சரித்திரம்.

எனக்கு இதில் அக்கறை வந்தது படிப்பால் அல்ல. கெங்குவார்பட்டியில் என் அக்காள் மகனுக்கு வயது பத்து. கணக்கு வரும். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற பஸ்களின் நேரம் அத்தனையும் மனப்பாடம். பக்கத்துப் பையனைக் கடிப்பதும் வரும். மூன்றாம் வகுப்பில் அவன் எறிந்த ஜியாமெட்ரி பாக்ஸ் பட்டு ஒரு பெண்பிள்ளைக்கு நெற்றியில் இரண்டு தையல். அந்தப் பிள்ளையின் அம்மா அழுததையும் நான் பார்த்தேன். அந்த அழுகைக்கும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லாமல் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். “நல்லாத்தாம்மா படிக்கிறான். மத்த பிள்ளைகளோட அப்பன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல? டி.சி. வாங்கிக்கங்க, எல்லாருக்கும் நல்லது” என்றார்கள் பள்ளியில். அக்காள் என்னிடம் மருந்தும் கேட்கவில்லை, வேறு பள்ளிக்கூடமும் கேட்கவில்லை. “இவனுக்கு ஒரு பேரு வாங்கிக் குடுடா தம்பி” என்றாள். கெட்ட பேர் அவன் ஏற்கெனவே வாங்கியிருந்தான். அவள் கேட்டது ஆபீஸ் பேர். பேர் இருந்தால் பதிவேட்டில் ஏறலாம். ஏறினால் சிறப்பு ஆசிரியர் வருவார். பேர் இல்லாதவனுக்கு டி.சி. மட்டுமே உண்டு. இந்த ஏற்பாட்டை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷ அலைச்சலில் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

நடத்தைக்கு ஒரு பேர் வைத்து, அந்தப் பேருக்காகப் பள்ளிக்கூடம் கட்டுவது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் 1996இல் பிரிவதற்கு முன்பு நாங்கள் மதுரை ஜில்லாக்காரர்கள். அந்த ஜில்லாவில், நடத்தையைத் திருத்துவதற்கென்று சர்க்கார் பெரிய அளவில் நடத்திய பள்ளிகள் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் சுற்றி வளைத்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சட்டத்தின் உள்ளடக்கத்தைச் சட்டப் புத்தகத்தைவிட அந்தப் பேர் சுருக்கமாகச் சொல்கிறது. விரல் ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருத்தி. சுட்ட கையோடு சீரமைப்புத் திட்டமும் வந்தது. கூட்டுறவுச் சங்கம், விவசாயம், விடுதி, பள்ளிக்கூடம்.

இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். குற்றப் பரம்பரைப் பிள்ளைகளுக்காகத் தொழிற்பள்ளிகளும் சீர்திருத்தப் பள்ளிகளும் அமைக்கலாம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே வைக்கலாம். பிள்ளை என்றால் ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குள். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31ஆம் பிரிவில் இலவசக் கல்வி தருகிற வயதும் ஆறிலிருந்து பதினெட்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம். ஒன்று பறிக்கிறது, மற்றது கொடுக்கிறது. ஆனால் இரண்டுமே பையனை ஒரு வகுப்பில் சேர்த்த பிறகுதான் அவனிடம் பேசத் தொடங்குகின்றன.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. பள்ளிகள் ஒழியவில்லை, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை முந்நூறை ஒட்டி வளர்ந்து நின்றன. அவற்றில் படித்து வாத்தியாராகவும் அதிகாரியாகவும் போனவர்கள் ஏராளம். பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது என்பது அற்ப விஷயமில்லை. அதே சமயம், தன் ஊர்ப் பள்ளியின் பேரிலேயே தன்னைச் சீரமைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை ஒரு குழந்தை முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த நிமிஷத்தை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ‘குரூக்கெட் ஸ்டாக்ஸ்’ என்ற புத்தகம், மனிதனைத் திருத்துவதும் நிலத்தைத் திருத்துவதும் இங்கே எப்படி ஒரே பேச்சாகப் பேசப்பட்டன என்பதைக் காட்டுகிறது. திருத்துபவர்கள் நிலத்திடம் காட்டிய பொறுமையை மனிதனிடம் காட்டினார்களா என்பது வேறு கேள்வி.

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல்தான் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டமும் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தன. அதில் ‘அடங்காத பிள்ளை’ என்று ஒரு இனம் உண்டு. பெற்றவனே கோர்ட்டில் வந்து, என் பிள்ளை எனக்கு அடங்கவில்லை என்று சொல்லிச் சர்க்கார் பள்ளியில் விடலாம். செங்கல்பட்டில் 1887இலிருந்தே சீர்திருத்தப் பள்ளி இருந்தது. ஆக இரண்டு வழிகள். சாதியே அடங்காதது என்றால் ஒரு சட்டம். தனிப்பிள்ளை அடங்காதவன் என்றால் இன்னொன்று. இரண்டிலும் ஆசிரியருக்குப் பின்னால் போலீஸ்காரர் நின்றார். அடங்குதல் என்ற ஒரு வார்த்தைதான் கல்வியின் லட்சியமாக இருந்தது. இதைக் காலனி ஆட்சியின் தலையில் முழுக்கக் கட்டிவிடவும் முடியாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பையனை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட கோதண்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல.

வேறு வழி ஒன்று உலகத்தில் அதற்கு முன்பே திறந்திருந்தது. 1800இல் பிரான்ஸில் அவெரோன் காட்டோரம் பிடிபட்ட, பேச்சில்லாத, கடிக்கிற பையனைப் பெரிய வைத்தியரான பினெல் திருத்த முடியாத ஜடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செவிடர் பள்ளியின் இளம் டாக்டர் இடார் அதை ஒப்புக்கொள்ளாமல் ஐந்தாறு வருஷம் அவனோடு மல்லுக்கட்டினார். விக்டர் என்று அவனுக்குப் பேர் வைத்தார். நம் ஆட்கள் இடாரைக் கருணாமூர்த்தியாக எழுதுவார்கள். அது முழு உண்மையல்ல. பையன் ஆங்காரத்தில் கிடந்து புரண்ட ஒரு நாள், உயரமென்றால் அவனுக்குப் பயம் என்று தெரிந்தே, மாடி ஜன்னலுக்கு வெளியே தலை கீழாக நீட்டிப் பிடித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் இடார் விலகிக்கொண்டார். விக்டர் 1828இல் சாகும்வரை சோறு போட்டு வைத்திருந்தவள் கேரன் என்ற வேலைக்காரி. அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆகவே கல்விச் சரித்திரத்தில் அவளுக்குப் பாதி வரி.

இடாரின் சீடர் செகேன். இருவர் புத்தகங்களையும் வரிவரியாகப் படித்து, ரோமில் 1900 வாக்கில் ‘மூடப் பிள்ளைகள்’ என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பாடம் சொன்னவர் மரியா மாண்டிசோரி. எழுத்தைக் கண்ணால் படிக்கும் முன் விரலால் தடவிப் பழகுவது, பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்து மனசை நிலைப்படுத்துவது எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் முளைத்தவை. அவர் 1939இல் அடையாறு வந்தார். யுத்தத்தில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர்ந்ததால் திரும்பிப் போக முடியாமல், 1942லிருந்து 1944வரை கொடைக்கானலில் இருந்தார். மலைச்சாலை எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. அந்த அம்மாள் இந்த அடிவாரத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளி மேலே இருந்தது. கீழே அதே வருஷங்களில் ரேகைச் சட்டம் நடப்பில் இருந்தது. ஒரே மலை, முப்பது மைல் சாலை. கார்கள் கெங்குவார்பட்டிப் பக்கம் நின்றிருந்தால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றத்தான் நின்றிருக்கும்.

இன்று தமிழ்நாட்டில் மாண்டிசோரி என்பது நர்சரிப் பள்ளிகளின் பலகைப் பேர். பீஸ் அதிகம் என்பதற்கு மறுபெயர். யாரிடமிருந்து அந்தச் சாதனங்கள் பிறந்தனவோ, அந்தப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற இடங்களில் அவை அலமாரியில் இருக்கின்றன. எங்கள் பையனை அப்படி ஒரு பள்ளியிலும் காட்டினோம். மர உருளைகளை அவன் ஒழுங்காக அடுக்கினான். அடுக்கியதைக் கலைக்கச் சொன்னபோது கத்தினான். அட்மிஷன் முடிந்துவிட்டது என்றார்கள்.

பேர்களின் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில், புத்தியில் குறையில்லாமலே தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்; ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்பது அவர் வைத்த பேர். 1907இல் பினேயும் சிமோனும் பாரிஸில் மந்தமானவர்களையும் நிலைகொள்ளாதவர்களையும் வேறு பிரித்தார்கள். 1937இல் அமெரிக்காவில் பிராட்லி இந்த ரகப் பிள்ளைகளுக்குப் பென்சிட்ரின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்; முரண்டு பிடித்தவர்களில் பலர் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மூளைச் சேதம், குறைந்தபட்ச மூளைக்கோளாறு, மிகையியக்கம், 1980இல் கவனக்குறை, 1987லிருந்து கவனக்குறையும் மிகையியக்கமும் சேர்ந்த நீளப் பேர். எண்பது வருஷத்தில் குற்றம் ஒழுக்கத்திலிருந்து மூளைக்கு இடம் மாறியிருக்கிறது. தாயாருக்கு இது ஆறுதல்தான். வளர்ப்புச் சரியில்லை என்ற பேச்சு நிற்கிறது. எங்கள் தெருவில் இன்னும் நிற்கவில்லை.

இந்தியச் சட்டங்களில் இந்தப் பையன் எங்கே? 1953இல் சென்னையில் பால விஹார் வந்தது. அது மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கு. 1974இல் மத்திய சர்க்கார் ஊனமுற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கத் திட்டம் போட்டது. 1995ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு ஊனங்களைச் சொன்னது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து செத்தபோது, நடத்தை பிசகியவர்களுக்கு நம் குடும்பங்கள் என்ன வழி வைத்திருந்தன என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. 2003இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகளிலிருந்து பிரம்பு போயிற்று. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. பள்ளிகள் வெளியேற்றுவதில்லை, பெற்றோரே விரும்பி டி.சி. கேட்டதாக எழுதி வாங்கிக்கொள்கின்றன. 2016இல் ஏழு இருபத்தொன்றாயிற்று. ஆட்டிசம் வந்தது. கற்றல் குறைபாடு வந்தது. கவனக்குறை மிகையியக்கம் வரவில்லை. வந்திருக்கிற பேர்களிலும் நாற்பது சதவிகிதம் தேற வேண்டும்.

அதற்காக அலைந்தோம். ஒரு மருத்துவமனையில் புத்தி அளந்தார்கள். தொண்ணூற்று நாலு. “நல்லாத்தான பேசுறான், எதுக்குங்க சர்டிபிகேட்டு?” என்றார்கள். இன்னொரு இடத்தில் ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோலில் நாற்பது கேள்விகள் கேட்டார்கள். அதில் எழுபது வந்தால் ஆட்டிசம், நாற்பது சதவிகிதம், அட்டை. பையனுக்கு அறுபத்தாறு. நாலு மார்க்கில் தேறிவிட்டான், அதாவது தவறிவிட்டான். அக்காள் அன்றைக்கு பஸ்ஸில் பேசவே இல்லை. தேவதானப்பட்டி வந்ததும் இறங்கி, மூங்கிலணைக் காமாட்சி கோயிலுக்கு நடந்தாள். அங்கே கர்ப்பக்கிருகம் திறப்பதில்லை; மூடிய கதவுக்குத்தான் பூசை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆனால் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவளுக்கு அந்தக் கதவு ஒன்றும் புதிதாகத் தெரிந்திருக்காது.

உதவி கடைசியில் சட்டத்தின் வழியாக வரவில்லை. சட்டத்தின் ஓரமாக வந்தது. அதே பள்ளியில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமிக்காக வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வருவார். தொகுப்பூதியக்காரர். அவர் பட்டியலில் எங்கள் பையன் கிடையாது. இருந்தும் அக்காளிடம் ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போட்டார். முன், செய்கை, பின். செகந்திராபாத் தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992இல் தயாரித்த நடத்தை அளவை ஒன்று உண்டு. எழுபத்தைந்து விதச் சிக்கல் நடத்தைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடந்தது என்ன, பின்னால் கிடைத்தது என்ன என்று பார்க்கச் சொல்கிற மரபு அது. மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கென்று செய்தது. “அவங்களுக்குத்தான்னு சொல்லுவாங்க சார். கடி யாரு கடிச்சாலும் கடிதான” என்றார் அந்த அம்மா.

பையனுக்கு என்ன கோளாறு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. “இதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?” என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று வாரத்தில் பத்தொன்பது சம்பவம். அதில் பதிமூன்று, மணி அடித்ததை ஒட்டி. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் கட்டிய தண்டவாளத் துண்டு. அவன் வகுப்பு ஜன்னலுக்கு நேரே. மணி அடிக்கும் முன்பே காதைப் பொத்திக்கொள்வான், பொத்துகிற கையைப் பக்கத்துப் பையன்கள் விளையாட்டுக்காக இழுப்பார்கள், பிறகு கடி. பின் என்ற பத்தியில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டான் என்று இருந்தது. அவனுக்கு வேண்டியதும் அதுதான். வெளியே அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்புவதில்லை. தண்டனை என்று பள்ளி நினைத்ததைப் பையன் கூலியாக வாங்கிக்கொண்டிருந்தான். அவனை உள்வரிசைக்கு மாற்றினார்கள். பிறகு, மணி அடிக்கிற வேலையையே ஒரு மாசம் அவனிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நேரம் தெரிந்தவன், ஒரு நிமிஷம் பிசகவில்லை. கடிப்பது வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது. நிற்கவில்லை. நோட்டில் மீதி ஆறு சம்பவத்துக்கு இன்னும் காரணம் பிடிபடவில்லை.

இந்த மூன்று பத்திகளை 1914இல் மதுரை ஜில்லாவில் யாராவது போட்டிருந்தால் முதல் பத்தியில் எழுத விஷயம் நிறைய இருந்தது. அதில் கொஞ்சம் 1906இல் வந்த பிரான்ஸிஸின் மதுரை கெஜட்டியரிலேயே கிடக்கிறது. ஊர்க்காவல் உரிமை என்று ஒன்று இருந்தது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் ஊர்கள் அதை எதிர்த்து எழுந்தன. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. உசிலம்பட்டி மேட்டுக் காடுகளுக்கு அது எட்டவில்லை. பிழைப்பு போயிற்று, தண்ணீரும் வரவில்லை. சர்க்கார் நடுப்பத்தியை மட்டும் நிரப்பி, அதைப் பரம்பரைக் குணம் என்று கையெழுத்துப் போட்டது. ஒரு சமூகத்தையும் ஒரு பையனையும் சமப்படுத்துகிறேன் என்று கோபித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். நான் சமப்படுத்துவது அவர்களை அல்ல, அவர்களைப் பார்த்தவர்களை.

அந்தப் பயிற்றுநரை இந்த வருஷம் வேறு வட்டாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர். பத்தில் ஒருவனாக எண்ணப்படுவதற்கும் பேர் வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு எங்களுக்கு உதவவில்லை. ஆறாம் வகுப்புக்கு அவன் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே தலைமையாசிரியருக்கு 16ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காள் மனுவைப் படிக்கவில்லை. நோட்டைத் தானே எழுதிக்கொண்டு வருகிறாள். எழுத்துப்பிழை இருக்கும், தேதி தவறாது. புதுப் பள்ளியில் மின்சார மணி என்றும், அது வராந்தாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது என்றும், ஆறாம் வகுப்பு மேற்குக் கோடி என்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.